வாக்கிங் டெட் கூட்டணிகள்: உயிர வாங்குன தவறுகள்

தி வாக்கிங் டெட்ங்கிற ஜாம்பி சீரிஸ் 2010 அக்டோபர் 31ல ஆரம்பிச்சு 2022 நவம்பர்ல முடிஞ்சுச்சு, 11 சீசன், 177 எபிசோட், முழுசா ரெண்டு ரவுண்டு பாத்துட்டேன். மொத ரவுண்டு வாக்கர், அதாவது செத்து எந்திரிச்சு நடக்குற பொணம், எந்த மூலைல இருந்து வரும்ங்கிற பயத்துலயே போயிடுச்சு. ரெண்டாவது ரவுண்டுலதான் ஒண்ணு உறைச்சுது, நமக்கு ரொம்ப பிடிச்ச நிறைய பேர் செத்தது வாக்கரால இல்ல, பிடிக்காத ஆளுங்களோட கூட்டு சேந்த விதத்தால. கூட்டு சேந்ததே தப்புன்னு நான் சொல்ல வரல, அந்த உலகத்துல தனியா இருந்தா எத்தன நாள் தாங்கும், ஆனா சேந்த முறைல அதே தப்ப ஊரு மாறி ஊரு மாறி பண்ணிருக்காங்க. இன்னும் பாக்காதவங்க இதோட நிறுத்திக்கங்க, யார் யார் சாவுறாங்கன்னு எல்லாமே வரும்.

இருக்கறதுலயே பெரிய தப்பு, பேசுன டீல சொந்த ஆளுங்க கிட்டயே மறைக்கிறது. சீசன் 3ல ஒரு ஜெயில்ல தங்கியிருக்குற நம்ம கூட்டத்தோட தலைவர் ரிக்கும், எதிரி ஊரு தலைவன் கவர்னரும் ஒரு மேஜைக்கு ரெண்டு பக்கமும் உக்காந்து பேசுவாங்கல்ல, அந்த மேஜைக்கு அடியில கவர்னர் பக்கம் ஒரு துப்பாக்கிய டேப் போட்டு ஒட்டி வச்சிருப்பான், அத காமெரா நமக்கு மட்டும் காட்டும். உன் கூட்டத்துல இருக்குற மிஷோன்ங்கிற பொண்ண குடுத்துடு, உன் ஜெயில் பக்கமே வர மாட்டேன்னு சொல்லுவான். ரிக் திரும்பி வந்து என்ன பண்றார்? எல்லார் கிட்டயும் சண்ட வரப்போகுது ரெடியாகுங்கன்னு மட்டும் சொல்லிட்டு, மிஷோன் விஷயத்த கூட்டத்துல பெரியவரான ஹெர்ஷல் கிட்ட மட்டும் தனியா சொல்றார், அப்புறம் டேரிலுக்கும் அவன் அண்ணன் மெர்லுக்கும் சொல்றார். கடைசில ரிக்குக்கே மனசு மாறுது, குடுக்க வேணாம்னு முடிவு பண்றார், ஆனா அதுக்குள்ள மெர்ல் அவள கட்டி கூட்டிட்டு போயாச்சு. வழில மெர்ல் அவள அவுத்து விட்டுட்டு தனியா போய் சண்ட போட்டு சாவுறான், டேரில் தேடிட்டு வந்து பாக்கும்போது அண்ணன் வாக்கரா மாறி ஒரு பொணத்த தின்னுட்டு இருப்பான். அந்த எபிசோட் முடியுறப்ப ரிக் எல்லாரையும் நிக்க வச்சு மறைச்சதுக்கு மன்னிப்பு கேப்பார், இனிமே முடிவு நான் ஒருத்தன் எடுக்குறது இல்லன்னு சொல்லுவார். மேஜைல இருந்து எந்திரிச்சு வந்த அன்னைக்கே அத சொல்லிருந்தா மெர்ல் அந்த ரோட்டுக்கே போயிருக்க வேண்டாம்.

அந்த மேஜை பேச்சு நடக்குற எபிசோட்ல நம்ம கண்ணுக்கு சட்டுனு படாத இன்னொண்ணும் நடக்குது. உள்ள தலைவருங்க முறைச்சிட்டு இருக்குற நேரத்துல வெளிய டேரிலும் கவர்னர் ஆளு மார்ட்டினெஸும் வந்த வாக்கர போட்டி போட்டு அடிச்சிட்டு சிகரெட்ட பங்கு போட்டுக்குறாங்க, கவர்னர் பக்கத்து மில்டன் ஹெர்ஷலோட வெட்டுன கால பாக்கலாமான்னு கேக்க ரெண்டு பேரும் சிரிச்சிடுறாங்க. நெஜமான கூட்டணி அங்கதான் உருவாகிட்டு இருந்துச்சு, அத ரெண்டு தலைவரும் கண்டுக்கவே இல்ல.

மறைக்கிறதுக்கு இத விட கொடுமையான உதாரணம் சீசன் 7ல வர்ற முலாம்பழம். எசக்கியலோட ஊரு கிங்டம், மத்த ஊருங்கள மிரட்டி பொருள் புடுங்குற நீகனோட சேவியர்ஸ் கூட்டத்துக்கு வாராவாரம் பொருள் குடுத்து சமாதானமா இருக்கு. கிங்டம் ஆளு ரிச்சர்டுக்கு அது தாங்கல, எப்படியாவது சண்டைய மூட்டணும். அதனால ரோட்டுல தள்ளுவண்டிங்கள மறிச்சு வச்சு, எல்லாரும் இறங்கி பாக்குற சந்துல குடுக்க வேண்டிய பழத்துல ஒண்ண எடுத்து ஒளிச்சிடுறான். சேவியர்ஸ் கிட்ட போய் எண்ணிப் பாத்தா ஒண்ணு கொறையுது. கோவத்துல தன்னத்தான் சுடுவாங்கன்னு நெனச்சான், அதுக்கு ரெடியா தனக்கு குழி கூட வெட்டி வச்சிருந்தான், நெஞ்ச நிமித்திட்டு நிக்கிறான். ஆனா சுட்டது பெஞ்சமின, ஒரு பாவமும் அறியாத சின்னப் பையன, அவன் ரத்தம் போயே செத்துடுறான். மறுநாள் எசக்கியல் ஆளுங்க அந்த ஒத்தப் பழத்த கைல ஏந்திட்டு வந்து குடுக்குற காட்சி இருக்கே, அத ரெண்டாவது தடவையும் என்னால நேரா பாக்க முடியல. ரிச்சர்ட் சொன்ன காரணம் சரிதான், அந்த சமாதானம் நெலைக்காதுன்னு அவன் கணிச்சதும் சரிதான், ஆனா ஊரோட உயிர வச்சு ஆடுற ஆட்டத்த ஊருக்கு சொல்லாம ஆடுனான் பாருங்க, அங்கதான் எல்லாம் போச்சு. சீசன் 10ல ரிக் கூட்டத்து கேரல் யாருக்கும் தெரியாம கைதியா இருந்த நீகன வெளிய விட்டு எதிரி கூட்டத்து தலைவி ஆல்ஃபாவ முடிச்சதும் இதே வகைதான், காரியம் முடிஞ்சுச்சுன்னு நெறைய பேர் அத பாராட்டுறாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல.

அடுத்தது, ஒரு தரப்பு சொன்னத மட்டும் கேட்டு கணக்கு போடுறது. சீசன் 6ல ரிக் கூட்டம் இருக்குற அலெக்ஸாண்ட்ரியாவுல சாப்பாடு தட்டுப்பாடு, ஹில்டாப்ங்கிற இன்னொரு ஊருல விளைச்சல் இருக்கு. ஹெர்ஷல் பொண்ணு மேகி போய் ஹில்டாப் தலைவன் கிரெகரி கிட்ட பேரம் பேசுறா, உங்ககிட்ட இருக்கறதுல பாதி எங்களுக்கு, பதிலுக்கு சேவியர்ஸ நாங்க பாத்துக்கறோம். பேரம்னு பாத்தா அருமையான பேரம். ஆனா சேவியர்ஸ் எத்தன பேரு, எத்தன எடத்துல இருக்காங்க, இது எதுவும் தெரியாது, ஹில்டாப் ஆளுங்க சொன்ன ஒரு எடத்துக்கு ராத்திரில போய் தூங்கிட்டு இருக்குறவங்கள குத்திட்டு, முடிஞ்சுதுன்னு நெனச்சாங்க. மேகி புருஷன் க்ளென் அந்த ரூம்ல கத்திய வச்சிட்டு கை நடுங்க நிப்பான், உயிரோட இருக்குற மனுஷன அவன் கொல்றது அதான் மொத தடவ. அது ஒரு கிளை மட்டும்தான். அதுக்கு பதிலடியா 2016 அக்டோபர் 23 வந்த எபிசோட்ல ரிக் கூட்டத்து ஆப்ரகாமும் க்ளெனும் நீகன் கையால போனாங்க. கிரெகரி என்ன பண்ணான், எனக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லன்னு கைய விரிச்சான், போதாக்குறைக்கு மேகிய சேவியர்ஸ் கிட்ட புடிச்சுக் குடுக்கவும் பாத்தான். தன் பக்கம் எதையும் பணயம் வைக்காத ஆளோட போட்ட ஒப்பந்தம் அப்படித்தான் ஆகும்.

குப்பமேட்டுல வாழ்ற கூட்டத்தோட தலைவி ஜேடிஸ் கதை இன்னும் சுருக்கம். துப்பாக்கி குடுத்தா கூட நின்னு சண்ட போடுவோம்னாங்க, ரிக் ஆளுங்க ஓஷன்சைடுங்கிற ஊரு பொம்பளைங்க வச்சிருந்த துப்பாக்கிய எல்லாம் புடுங்கி கொண்டு வந்து குடுத்தாங்க, அதே துப்பாக்கிய சீசன் கடைசில இவங்க மேலயே திருப்புனாங்க. கூலிக்கு வந்தவங்க கூலி கூட குடுக்குற பக்கம் போறதுல என்ன ஆச்சரியம் இருக்கு.

ஆனா எல்லாரையும் சந்தேகப்படுறதும் தப்புதாங்க, அதையும் சொல்லியாகணும். சீசன் 3ல ரிக் கூட்டம் வந்து தங்குன ஜெயில்ல அஞ்சு கைதிங்க இருந்தாங்க, தாமஸ் மோசமானவன், அவன ரிக் போட்டதுல எனக்கு வருத்தமே இல்ல. ஆண்ட்ரூ ஓடுனதும் வாக்கருங்க நடுவுல கதவ பூட்டிட்டு, செத்திருப்பான்னு அப்படியே விட்டாங்க, அவன் பொழச்சு வந்து பூட்ட ஒடச்சு அலாரம் அடிக்க வச்சதுல ரிக் கூட்டத்து டி-டாகும் ரிக் பொண்டாட்டி லோரியும் போனாங்க. அந்த குழப்பத்துல ஆண்ட்ரூவும் ரிக்கும் கட்டிப் புரள்றாங்க, கீழ விழுந்த துப்பாக்கி இன்னொரு கைதி ஆஸ்கர் கைல. ரிக்க சுடுடான்னு ஆண்ட்ரூ கத்துறான். ஆஸ்கர் ஆண்ட்ரூவ சுட்டுட்டு, துப்பாக்கிய ரிக் கிட்டயே நீட்டுறான். இவங்களையும் சேத்துக்கலாம்னு அன்னைக்கு பரிஞ்சு பேசுனது டி-டாக், அவன் பேச்சு சரின்னு நிரூபிக்கிறப்ப அவன் உயிரோட இல்ல.

பேசி முடிச்சத மறுபடி தொறக்குறது இன்னொரு தப்பு. சீசன் 5, கிரேடி ஆஸ்பத்திரி வராண்டா. ரெண்டு போலீஸுக்கு பதிலா கேரலும் மேகி தங்கச்சி பெத்தும், மாத்தியாச்சு, எல்லாரும் திரும்பி நடக்குறாங்க, அப்ப ஆஸ்பத்திரிய நடத்துற போலீஸ்காரி டான், அங்க இருந்து தப்பிச்சுப் போன நோவாவும் வேணும்னு சொல்லுவா. தன் ஆளுங்க முன்னாடி தோத்த மாதிரி தெரியக்கூடாதுன்னு ஒரு வீம்பு, அவ்ளோதான். பெத் சின்ன கத்திரிக்கோலால குத்த, டான் கை தன்னால சுட, அடுத்த நொடி டேரில் டான சுட, ரெண்டு பொணம். அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் துப்பாக்கிய இறக்கிடுறாங்க பாருங்க, மத்த யாருக்குமே அந்த சண்ட தேவைப்படல.

கடைசியா, நாம பாக்குறவங்க பண்ற ஒரு தப்பு. மேகியும் நீகனும் ஒண்ணா சண்ட போட ஆரம்பிச்சதும், இவ்ளோ பண்ணிட்டானே, இன்னும் ஏன் மன்னிக்க மாட்டேங்குறான்னு மேகி மேல கோவப்படுறாங்க. கூட்டு வேற, மன்னிப்பு வேற. நீகன் மன்னிப்பு கேட்டதுக்கு அப்புறமும் கடைசி எபிசோட்ல அவ அவன் முகத்த பாத்து சொல்றா, வெறுக்க வேணாம்னுதான் பாக்குறேன், ஆனா மன்னிக்க என்னால முடியலன்னு. 2023ல வந்த கிளை சீரிஸ் டெட் சிட்டில, தாத்தா பேர வச்ச மகன் ஹெர்ஷல காப்பாத்த மறுபடி அதே ஆளத்தான் தேடிப் போறா, மன்ஹாட்டன் வரைக்கும் அவன் கூடவே போறா, கடைசில கடத்துனவங்க கிட்ட அவன குடுத்துதான் புள்ளைய மீட்டுட்டு வர்றா.