வரிச் சண்டைச் செய்தி கேட்டு மீன் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை அறிவித்த வாரம், பொகவந்தலாவைப் பக்கம் புதிதாகக் குளம் வெட்டிய தம்பிமார் இரண்டு பேர் வந்தார்கள். "தீன் விலை ஏறப்போகுதாமே அண்ணே, இருபது மூட்டை எடுத்துப் போட்டுறவா?" என்றார்கள். எனக்கு 2018 ஞாபகம் வந்தது.

செய்தி கேட்டுத் தீன் பதுக்குவது

அந்த ஜூலையில் அமெரிக்கா சீனப் பொருட்களுக்கு வரி போட்டது. சீனா பதிலுக்கு அமெரிக்கச் சோயாவுக்கு 25 வீதம் போட்டது. மீன் தீனில் சோயாப் புண்ணாக்குக்கு முக்கியப் பங்கு உண்டே, விலை ஏறும் என்று நானே முடிவுகட்டினேன். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து முப்பது மூட்டை இறக்கினேன். சீனா வாங்காமல் விட்டதால் சிகாகோவில் சோயா விலை விழுந்தது. நம்மைக் கடித்தது டொலர்தான்: வருடத் தொடக்கத்தில் 153 ரூபாய், முடிவில் 180க்கு மேல்.

இங்கே அது அடைமழைக் காலம். மூட்டைகளைச் சீமெந்துத் தரையில் சுவரை ஒட்டி அடுக்கியிருந்தேன். தண்ணீர் 20 பாகைக்குக் கீழே இறங்கினால் திலாப்பியா தீனைச் சரியாகத் தொடாது. அதனால் மூட்டையும் குறையவில்லை. ஆறு வாரத்தில் அடி மூட்டைகளில் பூஞ்சணம். தட்டிவிட்டுப் போட்டேன். அதுதான் பெரிய பிழை. மேலே தெரிவதைத் தட்டினாலும் நஞ்சு தீனுக்குள்ளேயே இருக்கும், மீனின் ஈரலைக் கெடுக்கும். விடிய விடிய மீன் மிதந்தது. கடைசியில் பதினொரு மூட்டையைக் குழி வெட்டிப் புதைத்தேன். யாராவது மூட்டை அடுக்குவதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஒரு மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள். பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

யாருக்கு வரி என்று பார்க்காதது

அந்த 44 வீதம், பிறகு ஆகஸ்டில் 20 ஆனது. அதைக் கட்டுவது அமெரிக்காவில் இறக்குமதி செய்பவர். நோர்வூட்டில் திலாப்பியா விற்பவரை அது நேரே தொடாது. கொழும்பு ஏற்றுமதிக்காரருக்குக் கப்பி என்ற அலங்கார மீனைக் கொடுப்பவர்தான் கவனிக்க வேண்டும். ஓடர் குறைந்தால் தொட்டியில் குஞ்சு தேங்கும், நெருக்கத்தில் நோய் வரும். சரி, அதற்கு முன்பே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள்.

'தடை' என்றதும் குளத்தை வற்றவைப்பது

2015இல் ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது நம் படகுகள் கடலில் பிடித்த மீனை, குளத்தில் வளர்த்ததை அல்ல.

ஒரே ஏற்றுமதிக்காரரை நம்புவது

வேண்டாம்.