பெங்களூரில் தையல் கற்று, நியாயமான கூலி பெறுவதற்கான வழிகள்

பீன்யா, பொம்மனஹள்ளி ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை தேடும் நம் பெண்கள், வீட்டு மெஷினில் எவ்வளவு தைத்திருந்தாலும், மோட்டாரில் ஓடும் ஒற்றை ஊசி இயந்திரத்தில் தனியாகப் பயிற்சி பெற வேண்டும். அதன் வேகமும் வேறு, மிதியை அடக்கும் பக்குவமும் வேறு.

முதல் சில நாட்கள் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசியின் கீழே வைத்து, துளைகள் கோட்டின் மீதே விழும்வரை ஓட்டிப் பழகுங்கள். பிறகு வளைவுகள், அதன்பின் வெட்டுத்துணி. காலர் முனையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்புவது கைக்குப் படிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரமும் தெரிந்தால் ஹெல்பராக அல்லாமல் டெய்லராகவே சேர முயலலாம்.

சேரும் நாளிலேயே நியமனக் கடிதம் கேளுங்கள். அது கன்னடத்தில் இருந்தால், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். சம்பளச் சீட்டில் வருங்கால வைப்புநிதி, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தங்களையும், கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு விகிதத்தில் கூலி வந்திருக்கிறதா என்பதையும் மாதந்தோறும் பாருங்கள். வைப்புநிதி நம் வியர்வை. அதை எடுப்பதற்கு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து 2016 ஏப்ரலில் இந்நகரின் ஆடைத் தொழிலாளர் பெண்கள் தெருவில் இறங்கியபோது, மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லை குறித்து விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் உறுப்பினர்கள் யார் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

வீட்டிலிருந்து பீஸ் ரேட்டுக்கு, அதாவது ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைப்பவர்கள், ஒரு மணி நேரத்தில் எத்தனை உருப்படி முடிகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, நூலுக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு விலை பேசுங்கள்.