இடிபட்ட காரின் விலை இழப்பை எதிர்வண்டிக்காரரிடம் கேட்டு வாங்குவது எப்படி? பாலக்காடு, பொள்ளாச்சி, வாளையார் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு

பின்னால் வந்த லாரி இடித்து டிக்கி உள்ளே போய்விட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டு, இன்சூரன்ஸ் பணத்தில் புதுசு போல ஆக்கியாயிற்று. இரண்டு வருடம் கழித்து விற்கப் போனால் கன்சல்டிங்காரர் (பழைய கார் வாங்கி விற்பவர்) பில்லரை (கூரையைத் தாங்கும் தூண்) தட்டிப் பார்த்து, "ஆக்சிடென்ட் வண்டிங்க" என்று எழுபத்தைந்தாயிரம் குறைக்கிறார். அந்த எழுபத்தைந்தாயிரத்தை யார் தருவது?

உங்கள் சொந்த இன்சூரன்ஸ் தராது. ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேத) பாலிசியில் பின்விளைவாக வரும் நஷ்டம், தேய்மானம் இரண்டும் விலக்கப்பட்டவை. தப்பு எதிர்வண்டி மீது இருந்தால் அதன் உரிமையாளரும், அவருடைய தேர்ட் பார்ட்டி (பிறருக்கு நேரும் சேதத்தை ஏற்கும்) இன்சூரன்ஸும்தான் தர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 165, 166-ஆம் பிரிவுகளின்படி, ஆளுக்குக் காயமே இல்லாமல் வண்டி மட்டும் சேதமானாலும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம்.

வண்டி பட்டறைக்குள் போவதற்கு முன்னும், பிரித்துப் போட்டிருக்கும் நாட்களிலும் சேர்க்கிற ஆதாரம்தான் இந்த வழக்கின் உயிர். பெயின்ட் அடித்து முடித்த வண்டியைக் காட்டி "உள்ளே அடிபட்டிருந்தது" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே கீழே சொல்வதில் முதல் மூன்று படிகளை அவசரமாகச் செய்யுங்கள். மற்றவற்றை, படி 5-இல் சொல்லும் 6 மாதக் கெடுவை மனதில் வைத்து, நிதானமாகச் செய்யலாம்.

யாருக்கு இது பொருந்தும்

தப்பு முழுக்கவோ பெரும்பகுதியோ எதிராளியுடையதாக இருக்க வேண்டும். உங்கள் மீது 30 சதவீதம் தப்பு என்று தீர்ப்பாயம் சொன்னால் தொகையிலும் 30 சதவீதம் குறையும். பம்பர், ஹெட்லைட், கண்ணாடி போல போல்ட்டைக் கழற்றி மாற்றும் சாமான்கள் மட்டும் போயிருந்தால் விலை இழப்பு என்று தனியாக ஒன்றும் நிற்காது. பத்து வருடம் தாண்டிய வண்டி, ஏற்கெனவே ஒருமுறை பெரிதாக இடிபட்ட வண்டி இரண்டுக்கும் இந்த அலைச்சல் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் வழியில்லை. அதற்கான அரசு நிதி சாவுக்கும் கொடுங்காயத்துக்கும் மட்டுமே.

படி 1: சாலையிலேயே செய்ய வேண்டியது

இரண்டு வண்டிகளும் நகர்வதற்கு முன் தூரத்திலிருந்து நான்கு படம், கிட்டத்திலிருந்து நான்கு படம் எடுங்கள். எதிர்வண்டியின் நம்பர் பிளேட், ஓட்டுநரின் லைசென்ஸ், பிரேக் தடம், மைல்கல் எல்லாம் படத்தில் வர வேண்டும். எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் எதிர்வண்டியின் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். விபத்தில் சிக்கிய வண்டியின் இன்சூரன்ஸ் விவரத்தைப் போலீஸிடம் கேட்டுப் பெற 160-ஆம் பிரிவு உரிமை தருகிறது.

போலீஸ் பதிவு இல்லாமல் மேலே போகவே முடியாது. எல்லை இந்த இடத்தில்தான் குழப்பம் தருகிறது. இடித்த இடம் வாளையாருக்குப் பாலக்காட்டுப் பக்கம் என்றால் கேரளப் போலீஸ், கோபாலபுரத்துக்குப் பொள்ளாச்சிப் பக்கம் என்றால் தமிழ்நாடு போலீஸ். வண்டிச் சேதம் மட்டும் என்றால் கேரளத்தில் ஜி.டி. என்ட்ரி என்று ஒரு பதிவுச் சான்று தருவார்கள். அந்த மாநிலப் போலீஸின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான சான்று) தருவார்கள். சொந்த இன்சூரன்ஸ் கிளெய்முக்கு இவை போதும். எதிராளி மேல் வழக்கு என்று வந்தால் எஃப்.ஐ.ஆர். இருப்பது பெரிய பலம். "எங்கள் எல்லை இல்லை" என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது.

ஸ்டேஷனில் வைத்து "சமாதானமாகப் போகிறோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கேட்பார்கள். கையில் பத்தாயிரம் வந்தாலும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் வரும் எல்லாக் கதவையும் அது அடைத்துவிடும்.

பாம்பாம்பள்ளம் டோல், வழியிலுள்ள பெட்ரோல் பங்க், கடைகளின் கேமராப் பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்துவிடும். அந்த வாரமே எழுத்து மூலம் கேளுங்கள். தனியாருக்குத் தர மறுத்தால், விசாரணை அதிகாரியிடம் அந்தப் பதிவைக் கைப்பற்றச் சொல்லி மனு கொடுங்கள்.

படி 2: சொந்த இன்சூரன்ஸில் ரிப்பேர், ஆனால் கையெழுத்தில் கவனம்

ரிப்பேரை உங்கள் ஓன் டேமேஜ் பாலிசியிலேயே முடிப்பதுதான் நடைமுறைக்கு ஏற்றது. எதிராளி தருவார் என்று காத்திருந்தால் வண்டி மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும். ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காத கூடுதல் வசதி) எடுக்காதவர்களுக்குப் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றில் 50 சதவீதமும், ஃபைபரில் 30 சதவீதமும் கழியும். இரும்புப் பாகங்களில் வண்டியின் வயதைப் பொறுத்து, 3 முதல் 4 வருட வண்டிக்கு 25 சதவீதம், 4 முதல் 5 வருடத்துக்கு 35 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இது போகக் கட்டாயப் பிடித்தம் 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) போய்விடும்.

பணம் தரும்போது இன்சூரன்ஸ் ஒரு டிஸ்சார்ஜ் வவுச்சர் (பணம் பெற்று முடித்ததற்கான தாள்) நீட்டும். "ஓன் டேமேஜ் தொகைக்கு மட்டும். பாலிசியில் அடங்காத நஷ்டத்தை எதிர்வண்டித் தரப்பிடம் கேட்கும் உரிமையை வைத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு, நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கொடுத்த தொகையை எதிராளியிடம் மறுபடியும் கேட்க முடியாது, அந்த உரிமை இன்சூரன்ஸுக்குப் போய்விடும். கொடுக்காததை மட்டும்தான் கேட்கலாம்.

ரிப்பேர் செலவு ஐடிவி-யில் (பாலிசியில் குறித்த வண்டி மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியையே முழு நஷ்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்போது இந்தக் கணக்கு பொருந்தாது.

படி 3: பிரித்துப் போட்ட வண்டியைப் படமெடுப்பது

பம்பரும் லைனிங்கும் கழற்றிய நாளில் பட்டறைக்கு நேரில் போங்கள். ஏப்ரன் (முன்சக்கரத்துக்கு உள்பக்கத் தகடு), சேஸிஸ் லெக் (வண்டியின் நீளவாட்டு உத்தரம்), ரேடியேட்டர் சப்போர்ட், பில்லர், டிக்கித் தரை, பின் பேனல் எல்லாவற்றையும் ஓர் அளவுகோலை ஒட்டி வைத்துப் படமெடுங்கள். விலையை இறக்குவது இந்தப் பாகங்கள்தான். இவை வண்டியோடு வெல்டு செய்யப்பட்டவை என்பதால், வெட்டி மாற்றினாலும் பெண்டு எடுத்தாலும் அடையாளம் நிற்கும்.

வாங்குபவர் எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார் என்று தெரிந்தால் ரிப்பேரை எப்படிச் செய்யச் சொல்வது என்பதும் விளங்கும். பெயின்ட் தடிமன் மீட்டரை வைத்தால் கம்பெனிப் பெயின்ட் சாதாரணமாக 80 முதல் 150 மைக்ரான் காட்டும். மறுபடி பெயின்ட் அடித்தது 200-ஐத் தாண்டும். பட்டி வைத்த இடம் 500, ஆயிரம் என்று ஏறும். கதவு கீல், பானெட் கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு, சீரில்லாத ஜாயின்ட் சீலன்ட், கம்பெனி ஸ்பாட் வெல்டின் வட்டக் குழி இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பு, ஒரு கண்ணாடியில் மட்டும் வேறு வருட முத்திரை, இவ்வளவும் பார்ப்பார்கள்.

அதனால் பட்டறையிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: நசுங்கிய கதவையும் ஃபெண்டரையும் பட்டி வைத்து நிரப்பாமல் பேனலையே மாற்றுவது, வெல்டு மூட்டுகளுக்கு உள்ளே துருத்தடுப்பு மெழுகு அடிப்பது (பாலக்காட்டு மழையில் இதை விட்டுவிட்டால் இரண்டாம் வருடமே துரு வெளியே தெரியும்), புதுப் பெயின்ட்டைப் பக்கத்துப் பேனல் வரை கலந்து அடிப்பது, சேஸிஸ் அளவு அட்டையும் வீல் அலைன்மென்ட் தாளும், ரிப்பேருக்கு முன்னும் பின்னும் எடுத்தவை, பார்ட் நம்பரோடு ஜி.எஸ்.டி. பில். ஏர்பேக் வெடித்திருந்தால் சீட் பெல்ட் ப்ரீடென்ஷனரும் (மோதும்போது பெல்ட்டை இறுக்கும் கருவி) மாற்றப்பட்டதா என்று பில்லில் பாருங்கள். நல்ல ரிப்பேர் விலை இழப்பைக் குறைக்கிறது. மிச்ச இழப்பு பட்டறையின் கைக்குறையால் வந்தது என்று எதிர்வக்கீல் சொல்வதற்கும் அது இடம் வைக்காது.

சர்வேயர் (சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் அனுப்புபவர்) அறிக்கையின் நகலை இன்சூரன்ஸிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

படி 4: இழப்பை ரூபாயாக்குவது

இணையத்தில் தேடினால் 17சி என்றொரு சூத்திரம் வரும். வண்டி விலையில் 10 சதவீதத்தை உச்சமாக வைத்து, சேதத்துக்கும் ஓடிய மைலுக்கும் தகுந்தபடி குறைப்பது. அது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில வழக்கு ஒன்றிலிருந்து பிறந்தது. நம் தீர்ப்பாயத்தில் அதற்கு மதிப்பில்லை. இங்கே விலை இழப்புக்கென்று சட்டத்தில் சூத்திரம் கிடையாது, சாட்சியத்தால்தான் நிரூபிக்க வேண்டும்.

முதலில் விபத்துக்கு முந்தைய சந்தை விலை. ஐடிவி-யை எடுக்காதீர்கள், அது பாலிசிக்கான கணக்கு மட்டுமே. அதே மாடல், அதே வருடம், அதே எரிபொருள், பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் வித்தியாசம் உள்ள, விபத்தில்லா வண்டிகள் ஐந்தின் விளம்பரங்களைத் தேதி தெரியும்படி சேமியுங்கள். விளம்பர விலை பேரத்துக்கு முந்தையது, அதனால் கொஞ்சம் கழித்துக்கொள்வது நேர்மை. கேரளப் பதிவு வண்டிக்குக் கேரள விலையையும் தமிழ்நாட்டுப் பதிவுக்குத் தமிழ்நாட்டு விலையையும் எடுங்கள். இரண்டையும் கலந்தால் எதிர்வக்கீல் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். வண்டி நன்றாக இருந்தது என்பதற்கு சர்வீஸ் ரெக்கார்டு சாட்சி.

அடுத்து ரிப்பேருக்குப் பிந்தைய விலை. மூன்று கன்சல்டிங்குகளில் விபத்தை மறைக்காமல் சொல்லி, லெட்டர்பேடில் விலை எழுதி வாங்குங்கள். இவர்கள் கோர்ட்டுக்கு வர மாட்டார்கள். ஆகவே ஓர் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரை, முடிந்தால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) உரிமம் உள்ள சர்வேயரை வைத்து, "முந்தைய விலை, பிந்தைய விலை, வித்தியாசம், காரணம்" என்று அறிக்கை வாங்குங்கள். கட்டணம் பேசும்போதே, சம்மன் வந்தால் சாட்சி சொல்ல வருவாரா என்று கேட்டுவிடுங்கள். வராதவரின் அறிக்கையால் பயன் குறைவு.

ஓர் உதாரணக் கணக்கு. நான்கு வருட ஹேட்ச்பேக்கின் முந்தைய விலை 6,10,000. மூன்று விலைகள் 5,20,000, 5,35,000, 5,40,000. நடுவிலுள்ளதை எடுத்தால் இழப்பு 75,000. ரிப்பேர் பில் 1,42,000, இன்சூரன்ஸ் தந்தது 1,11,000, கைக்காசு 31,000. அதில் டயருக்கான கழிவு 2,500-ஐ விட்டுவிடலாம், பழைய டயருக்குப் புது டயர் கிடைத்தது உங்களுக்கு லாபம்தானே. மிச்சம் 28,500. அடுத்த புதுப்பிப்பில் ஓன் டேமேஜ் பிரீமியம் 9,000, அதில் கிடைத்திருக்க வேண்டிய 50 சதவீத போனஸ் 4,500. மொத்தக் கோரிக்கை 1,08,000. பில் உள்ள வாடகை வண்டிச் செலவையும் சேர்க்கலாம்.

இதில் கைக்காசு எளிதாகக் கிடைக்கும், ஏனென்றால் பில் இருக்கிறது. விலை இழப்பைத்தான் எதிர்த்தரப்பு முழு மூச்சோடு மறுக்கும். அதனால் இரண்டையும் ஒரே தொகையாகக் கலக்காமல் தனித்தனித் தலைப்பில் கேளுங்கள்.

படி 5: நோட்டீஸும் மனுவும்

எதிர்வண்டியின் உரிமையாளர், ஓட்டுநர், இன்சூரன்ஸ் மூவருக்கும் வக்கீல் நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கார், லாரியின் பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமான உச்சம் 7.5 லட்சம், இருசக்கர வாகனத்தில் 1 லட்சம். பிரீமியத்தைக் குறைக்க வெறும் 6,000 ரூபாய்க்குச் சுருக்கிய பாலிசிகளும் உண்டு. அப்படியென்றால் மீதியை உரிமையாளரிடம்தான் வாங்க வேண்டும். அரசுப் பேருந்து இடித்திருந்தால் தனி இன்சூரன்ஸ் இல்லாமல் போகலாம், அப்போது போக்குவரத்துக் கழகத்தையே எதிர்மனுதாரராகச் சேர்ப்பார்கள்.

விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போடுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் 166(3)-இல் இந்தக் கெடு இருக்கிறது. நோட்டீஸுக்குப் பதில் வரும் என்று உட்கார்ந்து கெடுவைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். ஜனவரி 10-இல் விபத்து என்றால் ஏப்ரலுக்குள் தாக்கல் செய்வதைக் குறியாக வையுங்கள்.

எல்லைக்காரர்களுக்குச் சாதகமான ஒரு விதி உண்டு. விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிராளி வசிக்கும் இடம், இந்த மூன்றில் எங்கு வேண்டுமானாலும் மனு போடலாம். கஞ்சிக்கோட்டில் இடிபட்ட கோயம்புத்தூர்க்காரர் கோவையிலேயே போடலாம், பொள்ளாச்சியில் இடிபட்ட கொழிஞ்சாம்பாறைக்காரர் பாலக்காட்டில் போடலாம். தமிழ்நாட்டில் எம்.சி.ஓ.பி. என்றும் கேரளத்தில் ஓ.பி.(எம்.வி.) என்றும் எண் கொடுப்பார்கள். மலையாளத்தில் எழுதிய மகசரும் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் தாள்) குற்றப்பத்திரிகையும் கோவைக்கு வந்தால் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். அதற்கான நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

மனுதாரர் ஆர்.சி.யில் பெயருள்ளவராக இருக்க வேண்டும். அப்பா பெயரில் வண்டி, ஓட்டியது மகன் என்றால் அப்பாதான் மனுதாரர், மகன் சாட்சி. போன் படங்களைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் (சாட்சியச் சட்டம்) 63(4) மின்னணு ஆதாரச் சான்றிதழ் தேவை. ஆகவே படமெடுத்த போனை விற்காதீர்கள், படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசலை அழிக்காதீர்கள். மனு முடியும் முன் காரை விற்க நேர்ந்தால், விற்ற விலைக்கான வங்கி வரவையும் விற்பனை ஒப்பந்தத்தையும் சேர்த்து வையுங்கள். உண்மையான விற்பனை எந்த மதிப்பீட்டு அறிக்கையையும் விடப் பலமானது.

படி 6: லோக் அதாலத்

இப்படிப்பட்ட சிறிய தொகை வழக்குகளை இன்சூரன்ஸ் பெரும்பாலும் லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) முடிக்கப் பார்க்கும். கேட்டதில் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள். கைக்காசை முழுதாக வைத்துக்கொண்டு விலை இழப்பில் விட்டுக்கொடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். அங்கே எழுதிய முடிவின் மேல் அப்பீல் கிடையாது. கையெழுத்திடும் முன் தொகை, எத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும், தவறினால் வட்டி எவ்வளவு என்ற மூன்றும் தாளில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.