பழைய வேனைக் கேம்பராக்க நம்ம ஊர் வழி

யூடியூப்பில் கேம்பர் வேன், அதாவது உள்ளேயே படுத்துத் தங்கி ஊர் சுற்ற மாற்றின வேன், என்று தேடினால் வருவதில் பாதி குளிர்நாட்டுக்காரர்கள் செய்தது. டீசல் ஹீட்டர், சுவருக்குள் ஆட்டு ரோமம், உறையாத தண்ணீர்த் தொட்டி. பினாங்கில் அதெல்லாம் எதற்கு? இங்கே வேனுக்குள் தூங்க விடாதது கூரைத் தகட்டின் சூடும் அசையாத காற்றும்தான், அதோடு மழை. அதனால் காசைக் கூரையில் போடுங்கள், அப்புறம் வயரில். அலமாரி, அழகு விளக்கு எல்லாம் மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். டிரில், ஸ்பானர் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வண்டியும் தாளும்

நான் எடுத்தது நிசான் வானெட் சி22. பசார் மாலாம் (இரவுச் சந்தை) வியாபாரிகளிடமும் பள்ளி வேன்காரர்களிடமும் காலம் தள்ளிய அதே வண்டி. சாமான் மலிவு, எந்த போமனுக்கும் (மெக்கானிக்) கை பழகியது. ஆனால் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, வண்டியை நிறுத்தின பிறகும் அந்தச் சூடு வெகுநேரம் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். நிமிர்ந்து நிற்கவும் முடியாது. நின்றே ஆக வேண்டும் என்பவர்கள் உயரக் கூரை டொயோட்டா ஹையேஸ் தேடுங்கள், விலை வேறு கதை.

வாங்கும்போது எஞ்சினைவிடத் துருவை நன்றாகப் பாருங்கள். எஞ்சினை மாற்றிவிடலாம், அரித்துப்போன தகட்டைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் பள்ளம், சக்கர வளைவு, கதவடிப் படி. கடலோரம் ஓடிய வண்டி என்றால் தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பெயர் மாற்றும்போது பி5 என்கிற வண்டிப் பரிசோதனை எப்படியும் உண்டு. ஆனால் அதில் தேறிவிட்டால் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். கிராண்டில் (வண்டியின் பதிவுத் தாள்) இருக்கும் சீட்டைக் கழற்றுவது, கூரையை உயர்த்துவது போன்றவற்றுக்கு ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்துத் துறை, அனுமதி வேண்டும். காற்றோட்ட விசிறிக்குக் கூரையில் ஓட்டை போடப் போவதையும் கையோடு அங்கேயே கேட்டுவிடுங்கள், வெட்டுவதற்கு முன். காப்புறுதிக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கூரை ஓட்டை

ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வேலைக்கு இடம் கிடைக்காது, கார் பார்க்கில் மெஷின் ஓட்டினால் மேனேஜ்மெண்ட் வந்துவிடும். நான் நிபோங் தெபாலில் மாமா வீட்டு வாசலில் செய்தேன். "நல்லா இருக்கிற கூரைக்கு எதுக்குடா ஓட்டை போடுறே?" என்றார் மாமா. நியாயமான கேள்விதான். ஜன்னலைத் திறந்து வைத்தால் கொசு, மூடினால் வேக்காடு. மேலே விசிறி வைத்துச் சூட்டை வெளியே தள்ளி, தூரத்து ஜன்னல் ஒன்றில் கொசுவலை கட்டி அந்த வழியாகக் காற்றை இழுத்தால்தான் இரவு தாங்கும்.

கேம்பர் விசிறிகள் பெரும்பாலும் 14 அங்குலச் சதுர ஓட்டைக்குத்தான் வரும், அதாவது சுமார் 355 மி.மீ. முதலில் உள் சீலிங்கைக் கழற்றி, கூரைக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டங்கள் எங்கே என்று பார்த்து, இரண்டு சட்டங்களுக்கு நடுவில் குறியுங்கள். சட்டத்தை வெட்டவே கூடாது, கூரையைத் தாங்குவதே அதுதான். நான்கு மூலையிலும் உள்ளேயிருந்து துளையிட்டு, மேலே ஏறி மாஸ்கிங் டேப் ஒட்டி, ஜிக்சாவில் தகடு வெட்டும் நுண்பல் பிளேடு போட்டு மெதுவாக வெட்டுங்கள். ஆங்கிள் கிரைண்டர் வேகமாகப் போகும் என்று சொல்வார்கள், அதை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். பொறி விழுந்த இடமெல்லாம் பெயிண்ட் கருகி, கொஞ்ச நாளில் துருப்புள்ளியாக எழும். வெட்டின இரும்புத்தூளைக் காந்தத்தால் ஒன்று விடாமல் பொறுக்குங்கள். விளிம்பை அரம் போட்டு, துத்தநாக பிரைமர் அடித்து, காய விட்டு, பெயிண்ட் பூசுங்கள்.

எனக்குத் தலைவலி கொடுத்தது இதற்கு அடுத்த கட்டம். வானெட் கூரைத் தகடு மெல்லிசு. விசிறிச் சட்டத்தைத் திருகினால் திருகின இடத்தில் தகடு லேசாகக் கீழே குழியும், மழைநீர் அங்கேயே தேங்கும், தேங்கிய நீர் எந்தப் பசையையும் நாளாவட்டத்தில் வென்றுவிடும். வீடியோக்களில் இதைக் காட்டுவதே இல்லை, அவர்கள் வேன்களில் கூரை விறைப்பாக இருக்கிறது போல. இதற்கு வழி, உள்பக்கமாக ஓட்டையைச் சுற்றி ஒரு சட்டம் கொடுப்பது. 20 மி.மீ. அலுமினியச் சதுரக் குழாய் போதும், மரமென்றால் வார்னிஷ் மூன்று கோட்டு. அந்தச் சட்டத்தைப் பக்கத்துக் குறுக்குச் சட்டங்களோடு பிடித்துவிட்டால் தகடு அசையாது, திருகாணி தகட்டையும் சட்டத்தையும் சேர்த்துக் கவ்வும்.

ஒட்டுவதற்கு விசிறியின் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை), திருகின பிறகு வெளி ஓரத்திலும் திருகாணித் தலைகளிலும் பாலியூரித்தேன் சீலன்ட். சிக்காஃபிளெக்ஸ் வாங்குங்கள், விலை கூடுதல்தான், இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குளியலறைக்குப் போடும், புளித்த வாடை அடிக்கிற சிலிக்கோன் கூடவே கூடாது. அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், இரும்பை அரிக்கும். அதன் மேல் பெயிண்டும் ஒட்டாது.

அப்புறம் ஹோஸ் பைப்பால் நிதானமாகத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். சொட்டுகிற இடத்தில்தான் ஓட்டை என்று நம்பிவிடாதீர்கள், நீர் குறுக்குச் சட்டத்தின் மேலேயே ஓடி வேறெங்கோ வந்து விழும். உள்ளே சட்டங்கள் மேல் முகப்பவுடரைத் தூவிவிட்டு அடித்தால் நீர் வந்த தடம் கோடாகத் தெரியும். சீலிங் பலகை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

சூட்டுக்கு

கண்ணாடிக் கம்பளி வேண்டாம், ஈரம் குடித்துத் தகட்டோடு ஒட்டிக்கொண்டு துருவை வளர்க்கும். ஏர்கோன்காரர்கள் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் நுரை விரிப்பாகவும் கிடைக்கும், பின்னால் பசையோடு வரும். ஏர்கோன் சாமான் கடையில் 25 மி.மீ. கேளுங்கள். அதை வாங்கிக் கூரைக்கு முழுக்க ஒட்டுங்கள், பக்கச் சுவருக்குக் காசு மிஞ்சினால் போதும். வெள்ளித்தாள் விரிப்பை இரும்போடு ஒட்டினால் பயனில்லை, முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும்.

மின்சாரம்

100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று போதும். 12.8 வோல்ட் கணக்கில் 1,280 வாட்-அவர். சின்ன கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், விசிறி, விளக்கு, போன் சார்ஜுக்கு ஒரு நாளும் அதற்கு மேலும் தாங்கும். சோலார் பலகையைச் சாய்த்து வைக்கும் கோணக் கணக்கெல்லாம் தேவையில்லை. நாம் நிலநடுக்கோட்டில் இருந்து 5 பாகைதான் தள்ளி இருக்கிறோம், சூரியன் தலைக்கு மேலே. கூரையில் படுக்க வைத்து, மழைநீர் வடிய ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள். அடியில் காற்று போகட்டும், பலகை சூடானால் மின்சாரம் குறையும்.

ஓடும்போது சார்ஜ் ஏற, வண்டியின் சொந்த முன் பேட்டரியில் இருந்து டிசி-டிசி சார்ஜர் (மின்சாரத்தை அளவோடு விடும் பெட்டி) வழியாக வயர் இழுங்கள். நேராகக் கோர்க்க வேண்டாம், லித்தியம் கேட்கிற அளவுக்கு மின்சாரம் கொடுத்தே எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டர் சூடாகிப் போகும். இங்கே வயர் தடிமன் முக்கியம். பின்னால் 4 மீட்டர் என்றால் போக வர 8 மீட்டர். 20 ஆம்பியர் ஓடினால் 2.5 சதுர மி.மீ. வயரில் 1 வோல்ட்டுக்கு மேல் தொலையும், 10 சதுர மி.மீ. போட்டால் 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். வீட்டு வயரிங் கம்பி வேண்டாம், ஆட்டத்தில் முறியும், மெல்லிழை வண்டி வயர்தான். பேட்டரியின் பிளஸ் முனையில் இருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். முன் பேட்டரிப் பக்கமும் ஒன்று. மறந்தால் உரசின வயர் வண்டியையே எரிக்கும்.

படுக்கை, அடுப்பு

படுக்கைக்கு 12 மி.மீ. பிளைவுட், வெட்டின ஓரமெல்லாம் வார்னிஷ். மெத்தைக்கு அடியில் பலகையில் துளைகள் போடுங்கள் அல்லது சட்டங்களாக அடியுங்கள். நம்ம புழுக்கத்தில் மூடின பலகை மேல் மெத்தை கிடந்தால் அடியில் பூஞ்சை பூக்கும். போல்ட் போட்டுக் கழற்றி மாட்டும்படி செய்தால் பரிசோதனைக்குப் போகும்போதும் நிம்மதி. பேட்டரியும் தண்ணீரும் தாழ்வாக, இரு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும்.

அடுப்பு, ஸ்டீம்போட்டுக்கு வைக்கிற கேஸ் டப்பா அடுப்பே போதும். பின்கதவைத் திறந்து வெளியே வைத்துச் சமையுங்கள், மூடின வேனுக்குள் வேண்டாம். டப்பாவிலேயே 40 பாகைக்கு மேல் வைக்காதே என்று எழுதியிருக்கும், வெயிலில் நின்ற வேன் அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஊர் சுற்றி முடித்ததும் டப்பாவை இறக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: பலர் கேட்பது, ஏர்கோன் போடலாமா? 800 வாட் இழுக்கும் ஒன்றை மேலே சொன்ன பேட்டரியில் ஓட்டினால் கணக்குப்படி ஒன்றரை மணி நேரம்தான், இன்வெர்ட்டர் தின்பது வேறு. விடிய விடிய ஓட்ட வேண்டுமென்றால் பேட்டரிக்கே வேன் விலை ஆகிவிடும். அந்தக் காசுக்கு கேமரன் மலை ஏறிவிடலாம், அங்கே தானா ராத்தா ஊரில் இரவில் விசிறியைக்கூடப் போட வேண்டாம். வானெட் ஏறுமா என்றால் ஏறும், இரண்டாம் கியரில், பின்னால் வருபவர்களுக்கு அவ்வப்போது ஒதுங்கி வழி விட்டுக்கொண்டு. கிளம்பும் முன் ரேடியேட்டர் ஹோஸ்களை மட்டும் போமனிடம் காட்டிவிடுங்கள்.