ஐ.எம்.எஃப். ஒப்பந்தத்தை இடதுசாரிக் கண்ணோட்டத்தில் வாசிப்பது எப்படி? இலங்கை ஆவணத்தை வைத்து ஒரு வழிகாட்டி

2023 மார்ச் 20 அன்று இலங்கைக்கான 48 மாத நீடிக்கப்பட்ட நிதி வசதியை சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) நிர்வாகச் சபை அங்கீகரித்தது. தலைப்புச் செய்தியில் வந்தது "300 கோடி டாலர்". கைக்கு வந்த முதல் தவணை சுமார் 33 கோடி டாலர். மிச்சம் எல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மீளாய்வில் தேறினால்தான். கடன் தொகையைப் பார்த்து வரவேற்பதும் எளிது, ஐ.எம்.எஃப். என்ற பெயரைக் கேட்டதும் எதிர்ப்பதும் எளிது. இரண்டுக்கும் ஆவணத்தைத் திறக்கத் தேவையில்லை. எது கட்டாயம், எது ஒப்புக்கு எழுதப்பட்டது, சுமை யார் தலையில் இறங்குகிறது என்று அட்டவணையைக் காட்டிப் பேசும்போதுதான் இடதுசாரி விமர்சனத்துக்குப் பலம் வருகிறது.

எந்தக் கோப்பு, எந்த வரிசையில்

ஊடக அறிக்கையை ஒதுக்கி வையுங்கள். நிதியத்தின் இணையதளத்தில் நாட்டின் பெயரைப் போட்டுத் தேடினால் "கண்ட்ரி ரிப்போர்ட்" என்ற முழு அறிக்கை கிடைக்கும். நூறு பக்கத்துக்கு மேல் ஓடும். அதற்குள் நான்கு துண்டுகள் இருக்கின்றன: அதிகாரிகளின் அறிக்கை, கடன் தாங்குதிறன் ஆய்வு, அரசு கையெழுத்திட்டு அனுப்பும் விருப்பக் கடிதமும் அதனுடன் இணைந்த கொள்கைக் குறிப்பாணையும் (சுருக்கமாக எம்.இ.எஃப்.பி.), கடைசியாக தொழில்நுட்பக் குறிப்பாணை (டி.எம்.யூ.).

பின்னாலிருந்து வாசியுங்கள். முதலில் டி.எம்.யூ. சலிப்பூட்டும் பகுதிதான், ஆனால் ஒவ்வொரு இலக்கும் எதைச் சேர்க்கிறது, எதை விடுகிறது என்ற வரையறை அங்கேதான் இருக்கிறது. அடுத்து எம்.இ.எஃப்.பி.யின் கடைசியில் உள்ள அட்டவணைகள், பிறகு கடன் ஆய்வு. அதிகாரிகளின் அறிக்கையைக் கடைசியில் படித்தால் போதும். அதை முதலில் படிப்பவர்கள் "ஏழைகளைப் பாதுகாத்தல்" என்ற பத்தியைப் பார்த்து ஆறுதலடைந்து, அந்தப் பாதுகாப்பு எந்த வகை நிபந்தனையாக எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமலே மூடிவிடுவார்கள்.

நிபந்தனைகளைத் தரம் பிரிப்பது

முன்நடவடிக்கை என்பது சபை கூடுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியது. செய்யாவிட்டால் கூட்டமே இல்லை. அளவுசார் செயல்திறன் அளவுகோல் தவறினால் சபை விலக்கு அளிக்க வேண்டும், இல்லாவிட்டால் தவணை நிற்கும். அரசின் முதன்மை நிலுவையும் மத்திய வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பும் இந்த வகை. கட்டமைப்பு இலக்கு என்பது ஒரு சட்டத்தையோ சீர்திருத்தத்தையோ குறித்த தேதிக்குள் செய்வது. தவறினால் விலக்கு தேவையில்லை, ஆனால் மீளாய்வில் கேள்வி வரும். நான்காவது குறிகாட்டி இலக்கு. தவறினாலும் தானாக எதுவும் நிற்காது.

ஒரு தாளில் நான்கு பத்திகளாகக் கோடு போட்டு, ஒவ்வொரு நிபந்தனையையும் அதற்குரிய இடத்தில் எழுதுங்கள். இலங்கை ஆவணத்தில் இதைச் செய்தால் சமூகச் செலவுக்கான குறைந்தபட்ச வரம்பு கடைசிப் பத்தியில் போய் விழும். வரி வருவாய் இலக்கும் அங்கேதான். அப்படியானால் இரண்டுக்கும் ஒரே மதிப்புதானே என்று தோன்றும். நடந்ததைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் முதல் மீளாய்வுக்கு வந்த குழு, ஆண்டு வருவாய் எதிர்பார்த்ததைவிட 15% அளவுக்குக் குறையும் என்று சொல்லி, உடன்பாடு இல்லாமல் திரும்பியது. அக்டோபர் முடிவதற்குள் வற் எனப்படும் பெறுமதி சேர் வரியை 15%இலிருந்து 18% ஆக்க அமைச்சரவை முடிவெடுத்தது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது, எரிபொருளும் சமையல் எரிவாயுவும் உட்பட பல பொருட்களுக்கு இருந்த விலக்கும் போனது. 2024 ஜூனில் முடிந்த இரண்டாவது மீளாய்வில் தவறியது சமூகச் செலவு இலக்கு. "சிறிய பற்றாக்குறை" என்று ஒரு வரி எழுதப்பட்டது, தவணை வந்தது. காகிதத்தில் ஒரே தரத்தில் இருக்கும் இரண்டு இலக்குகளை நடைமுறை எப்படிப் பிரிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

தேதிகளையும் இப்படியே ஒப்பிடுங்கள். வற் உயர்வு சொன்ன நாளில் வந்தது. 2025இல் வரும் என்று தொடக்கத்தில் எழுதப்பட்டிருந்த நாடு தழுவிய சொத்து வரி அந்த ஆண்டில் வரவில்லை. எது தள்ளிப்போகிறது, எது தள்ளிப்போவதில்லை என்ற பட்டியலே ஒரு வர்க்கப் பகுப்பாய்வு.

முதன்மை நிலுவை: வட்டி ஏன் கணக்கில் இல்லை

ஒப்பந்தத்தின் இதயம் இந்த ஒற்றை எண்தான். அரசின் வருவாயிலிருந்து, வட்டியைத் தவிர்த்த எல்லாச் செலவையும் கழித்தால் வருவது முதன்மை நிலுவை. 2022இல் ஜிடிபியில் (மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) 4%க்கு அருகே பற்றாக்குறையாக இருந்ததை 2025க்குள் 2.3% உபரியாக்க வேண்டும் என்பது இலங்கைக்கான இலக்கு. மூன்று ஆண்டுகளில் சுமார் ஆறு சதவீதப் புள்ளிகள்.

வட்டியை வெளியே வைப்பதால், அரசு எவ்வளவு வட்டி கட்டினாலும் இந்த இலக்கு தவறாது. பாடசாலைக்கு ஆசிரியர் நியமித்தால் தவறலாம். நெருக்கடி ஆண்டுகளில் இலங்கை அரசின் வருவாயில் பாதிக்கு மேல் வட்டிக்கே போனது. கட்டுப்பாடு இறங்குவதோ மீதிப் பாதியின் மீது. இதற்கு நிதியத்தின் தரப்பில் ஒரு பதில் உண்டு: பழைய கடனின் வட்டி இன்றைய அரசின் கையில் இல்லை, அதன் கையில் உள்ளதை மட்டும் அளப்பதே நியாயம். வாதம் செல்லாது என்று தள்ளிவிடாதீர்கள். வட்டியைக் குறைக்கக் கடன் மறுசீரமைப்பு என்ற வழி இருந்தது, அதில் எவ்வளவு குறைத்தார்கள் என்று கேளுங்கள்.

அதற்கான எண்கள் கடன் ஆய்வில் உள்ளன. பொதுக்கடன் 2032க்குள் ஜிடிபியில் 95%க்குக் கீழே வர வேண்டும். 2027 முதல் 2032 வரை மொத்த நிதித் தேவை (அரசு ஓராண்டில் கடனாகத் திரட்ட வேண்டிய பணம்) சராசரியாக 13%க்குள், வெளிநாட்டு நாணயக் கடனுக்கான தவணையும் வட்டியும் எந்த ஆண்டிலும் 4.5%க்குள். கடைசி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 4.5% சிறியதாகத் தெரிகிறது, ஏனென்றால் வகுக்கும் எண் ஜிடிபி. அரசு கடன் கட்டுவது ஜிடிபியிலிருந்து அல்ல, வருவாயிலிருந்து. அரசு வருவாய்க்கான இலக்கு ஜிடிபியில் 15%. 4.5ஐ 15ஆல் வகுத்தால் 30%. அதாவது எல்லாம் திட்டப்படி வெற்றிகரமாக நடந்த பிறகும், வசூலாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 30 ரூபாய் வரை வெளிநாட்டு நாணயக் கடனுக்குப் போகலாம் என்று ஆவணமே அனுமதிக்கிறது. 1953 லண்டன் உடன்பாட்டில் மேற்கு ஜெர்மனியின் கடனில் ஏறக்குறைய பாதி தள்ளுபடியானது, மீதியைக் கட்டுவது ஏற்றுமதி உபரியோடு பிணைக்கப்பட்டது. 2023 ஜனவரியில் இலங்கையின் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரி, பொருளியலாளர்கள் ஜயதி கோஷ், தோமா பிக்கெட்டி உள்ளிட்ட 182 பேர் கையெழுத்திட்ட கடிதத்தை இந்த ஒப்பீட்டோடு வைத்துப் படிக்கலாம்.

சுமை யார் தலையில்: இரண்டு கணக்குகள்

மறைமுக வரி ஏழைகளை அதிகம் தாக்கும் என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல் கணக்குப் போடுங்கள். மாதம் 40,000 ரூபாய் வருமானம் முழுவதையும் செலவழிக்கும் குடும்பம், அதில் பாதியை வற் உள்ள பொருட்களுக்குச் செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் கொடுக்கும் 20,000 ரூபாயில் வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது; எனவே 20,000ஐ 18ஆல் பெருக்கி 118ஆல் வகுக்க வேண்டும். சுமார் 3,050 ரூபாய், வருமானத்தில் 7.6%. மாதம் 4 லட்சம் வரும் குடும்பம் பாதியைச் சேமித்து, வற் உள்ள பொருட்களுக்கு 1,20,000 செலவழித்தால் வரி சுமார் 18,300 ரூபாய், வருமானத்தில் 4.6%. பலர் 20,000இல் நேரடியாக 18% எடுத்து 3,600 என்று எழுதிவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு அந்த ஒரு பிழையைப் பிடித்து மொத்த வாதத்தையும் கேலி செய்யும். உங்கள் ஊரின் செலவுப் பழக்கத்துக்கேற்ப பங்குகளை மாற்றிக்கொள்ளுங்கள்; அரிசி, மருந்து போன்றவற்றில் எதற்கு விலக்கு உண்டு என்பதை நடப்புச் சட்டத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவது, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. 2023 ஜூலை 1 அன்று நாடாளுமன்றம் ஏற்ற திட்டத்தில், திறைசேரி முறிகளை (அரசின் கடன் பத்திரங்களை) மாற்றிக்கொள்ளும்படி ஓய்வூதிய, சேமலாப நிதியங்கள் கேட்கப்பட்டன; புதிய முறிகளுக்கு வட்டி முதலில் 12%, பிறகு 9%. மாற்ற மறுத்தால் முறி வருமானத்தின் மீதான வரி 14%இலிருந்து 30%. வங்கிகளின் கையில் இருந்த முறிகள் இதில் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் வங்கித்துறை ஆட்டம் காணும் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணம் வெறும் சாக்கு அல்ல. ஆனாலும் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைப்பவரின் ஊழியர் சேமலாப நிதி, அதே முறிகளை வைத்திருந்த தனியார் வங்கிப் பங்குதாரருக்கு முன்பாகச் சுமையை ஏற்றது. இந்த வரிசையை எழுதிக் காட்டினால் போதும், உரத்துப் பேச வேண்டியதில்லை.

வளர்ச்சி முன்கணிப்பைச் சோதிப்பது

செலவைச் சுருக்கினால் வளர்ச்சி எவ்வளவு குறையும் என்று ஒரு பெருக்கி எண்ணை வைத்துக் கணிக்கிறார்கள். யூரோ நெருக்கடிக் காலத்தில் இந்தப் பெருக்கியைக் குறைத்து மதிப்பிட்டதாக நிதியத்தின் அப்போதைய தலைமைப் பொருளியலாளர் ஒலிவியே பிளான்ஷாரும் டேனியல் லீயும் 2013இல் எழுதினார்கள். 2023 ஏப்ரலில் வந்த உலகப் பொருளாதார முன்னோக்கின் 3ஆம் அத்தியாயம், நிதிச் சுருக்கம் சராசரியாகக் கடன்-ஜிடிபி விகிதத்தைக் குறைப்பதில்லை என்று கண்டது. மேற்கோள் காட்ட இடதுசாரி நூல்களைவிட இவை பயன்படும். எதிராளியின் வாக்குமூலம் அல்லவா.

ஆனால் 2024இல் இலங்கை 5% வளர்ந்தது. இதை மறைக்காதீர்கள். 2022இல் 7.3%, 2023இல் 2.3% சுருங்கிய பிறகு வந்த 5% என்பதால் பொருளாதாரம் 2024 முடிவிலும் பழைய உயரத்தை எட்டவில்லை: 100இல் தொடங்கினால் 92.7, 90.6, 95.1. கடன் விகிதம் இறங்கியதாகச் செய்தி வந்தால் மூன்று காரணங்களையும் தனித்தனியே பாருங்கள்: கடன் குறைந்ததா, விலைவாசியால் ஜிடிபியின் பண மதிப்பு வீங்கியதா, ரூபாய் வலுவடைந்ததால் டாலர் கடன் சிறியதாகத் தெரிகிறதா.

வாக்கும் வட்டியும்

நிதியத்தில் அமெரிக்காவின் வாக்கு சுமார் 16.5%. ஒதுக்கீட்டை (நிதியத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ள பங்குத் தொகையை) மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளுக்கு 85% தேவை என்பதால் அங்கே அதற்குத் தடுப்பதிகாரம் உண்டு. ஒவ்வொரு கடனுக்கும் உண்டு என்று எழுதுவது தவறு. கடன் முடிவுக்குப் பெரும்பான்மை போதும். இலங்கைக்குச் சபையில் தனி நாற்காலி இல்லை. இந்தியா, பங்களாதேஷ், பூட்டானுடன் ஒரே இயக்குநர்.

நிதியத்தின் கடனும் இலவசமல்ல. இலங்கையின் ஒதுக்கீடு 57.88 கோடி எஸ்.டி.ஆர். (நிதியத்தின் கணக்கு அலகு), இந்தக் கடன் 228.6 கோடி, அதாவது ஒதுக்கீட்டில் 395%. நிலுவை ஒரு வரம்பைத் தாண்டினால் 2% மேல்வட்டி விழும். வரம்பு 187.5% ஆக இருந்தது, 2024 நவம்பரில் 300% ஆக்கப்பட்டது. சிக்கலில் ஆழமாக இருப்பவரிடம் கூடுதலாக வாங்கும் இந்த ஏற்பாடு இடதுசாரிகளின் நீண்டநாள் இலக்கு. வரம்பை உயர்த்த வைத்ததில் அந்த அழுத்தத்துக்கும் பங்கு உண்டு.

தனியார் கடன்காரர்களிடம் வந்தால், 2024 டிசம்பரில் மாற்றப்பட்ட சர்வதேச முறிகளில் ஒரு பகுதி வளர்ச்சியோடு பிணைக்கப்பட்டவை. 2025 முதல் 2027 வரையிலான டாலர் ஜிடிபி சராசரி வரம்பைத் தாண்டினால், 2028 முதல் கட்ட வேண்டியது கூடும். ரூபாய் மதிப்பு உயர்ந்தாலே டாலர் ஜிடிபி உயரும். அதைத் தடுக்க எந்த நிபந்தனை சேர்க்கப்பட்டிருக்கிறது, அது எவ்வளவு தூரம் காக்கும் என்பதை முறி ஆவணத்தில் தேடிப் படியுங்கள்.

விமர்சனம் எங்கே வழுக்கும்

எல்லாவற்றையும் ஐ.எம்.எஃப். தலையில் கட்டுவதுதான் மிகப் பெரிய வழுக்கல். 2019 டிசம்பரில் வற் வரியை 15%இலிருந்து 8%க்கு இறக்கியது நிதியம் அல்ல. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியதும் அல்ல. 2007 முதல் சந்தை வட்டிக்குச் சர்வதேச முறிகளை விற்றுக் கடன் சேர்த்தது கொழும்பின் ஆளும் வர்க்கம். சீனக் கடன்தான் நாட்டைச் சிக்கவைத்தது என்ற "சீனக் கடன் பொறி" கதையையும் அதே கண்டிப்போடு சோதியுங்கள். வெளிநாட்டுக் கடனில் மிகச் செலவான பகுதி தனியார் முறிதாரர்களுடையது. இன்னொரு வழுக்கல், மானியம் எதுவானாலும் காப்பது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75%, 2023 பெப்ரவரியில் 66% ஏறியபோது குறைந்த அலகு பாவிக்கும் வீடுகள்தான் நசுங்கின என்று காட்டுவது வாதம். குளிரூட்டிய மாளிகைக்கும் பழைய விலை வேண்டும் என்பது இடதுசாரி நிலைப்பாடு ஆகாது.

அடுத்த மீளாய்வு வரும்போது புதிய அறிக்கையை மட்டும் படிக்காதீர்கள். பழைய அட்டவணையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, கட்டமைப்பு இலக்குகளின் தேதிப் பத்தியை வரி வரியாக ஒப்பிடுங்கள். நிறைவேறியது, தாமதமாக நிறைவேறியது, நிறைவேறவில்லை, தேதி மாற்றப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குறிப்பு இருக்கும். முன்பு இருந்து இப்போது எந்தக் குறிப்பும் இல்லாமல் காணாமல் போன வரி ஏதாவது இருந்தால், எம்.இ.எஃப்.பி.யின் பத்திகளில் அந்தச் சொல்லைத் தேடுங்கள். பெரும்பாலும் மென்மையான வேறொரு வாக்கியமாக அது அங்கே மாறியிருக்கும்.