முதுகுல எலும்பு வளந்திருக்குன்னு ரிப்போர்ட் வந்தா பண்ணக் கூடாத தப்புகள்

முதுகு வலின்னு போயி எக்ஸ்ரே எடுத்தா அம்பது வயசு தாண்டுன நெறைய பேருக்கு ரிப்போர்ட்ல ‘ஆஸ்டியோபைட்ஸ்’னு ஒரு வார்த்தை வரும், உடனே போன்ல தேடிப் பாத்து எலும்பு முள்ளு மாதிரி வளந்து நரம்பைக் குத்துதுன்னு முடிவு பண்ணிடுவாங்க, அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. மொத தப்பே இதுதான். வலிக்கு வைத்தியம் பாக்காம ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பாக்குறது.

நடக்குறது என்னன்னா, ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்குற ஜவ்வு, அதாவது டிஸ்க், வயசாக ஆக தண்ணி வத்தி உயரம் கொறையும். அந்த எடத்துல ஆட்டம் கூடும். ஒடம்பு சும்மா விடாது, எலும்போட ஓரத்துல வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா புது எலும்பு கட்டி அந்த ஆட்டத்தை நிறுத்தப் பாக்கும், சாயுற செவுத்துக்கு முட்டுக் குடுக்குற மாதிரி. முன்பக்கமா வளர்றது பெரும்பாலும் எதையும் அழுத்தாது. பின்பக்கம், நரம்பு வெளிய வர்ற ஓட்டைகிட்ட வளந்து எடத்தை அடைச்சாதான் தொந்தரவு. 2015ல வந்த ஒரு ஆய்வுல முதுகு வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேனைத் தொகுத்துப் பாத்தாங்க, 20 வயசுக்காரங்கள்லயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 80 வயசுல 96 சதவீதம். அதனால ரிப்போர்ட்ல இருக்கு, முதுகும் வலிக்குது, ஆனா அதனாலதான் இது வலிக்குதுன்னு அர்த்தம் இல்ல.

இதுல எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது கால்சியம் கதைதான். எலும்பு ஜாஸ்தியா வளருது, அப்போ கால்சியம் ஜாஸ்தின்னு ஒரு கணக்கைப் போட்டு பால், கேழ்வரகு, டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரைன்னு எல்லாத்தையும் நிறுத்திடுறாங்க, அதுவும் மாதவிடாய் நின்ன பொம்பளைங்க, அவங்களுக்குத்தான் அது முக்கியமா வேணும். ஓரத்துல எலும்பு வளந்திருக்கிறவங்களுக்கு உள்ள எலும்பு மெலிஞ்சும் இருக்கலாம். இன்னொரு சிக்கல், எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா டெஸ்ட்ல இந்த வளர்ச்சியும் சேந்து கணக்காகி இடுப்பு முதுகெலும்பு நம்பர் நல்லா இருக்குற மாதிரி காட்டிடும். அதனால தொடையெலும்பு மேல்பகுதி நம்பரையும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க. கரைக்கிறேன்னு விக்கிற எண்ணெய், பவுடர், கஷாயம் எதுவும் இந்த எலும்பைக் கரைக்காது. பிரண்டைத் துவையல் சாப்பிடுங்க, ருசிக்காக.

அப்புறம் பெட் ரெஸ்ட். ஒரு மாசம் அசையாம படுன்னு வீட்டுல பெரியவங்க சொல்லுவாங்க, பாசம்தான். 1986லயே அமெரிக்காவுல முதுகு வலிக்காரங்களை ரெண்டு நாள் ரெஸ்ட், ஏழு நாள் ரெஸ்ட்னு பிரிச்சுப் பாத்துட்டாங்க, ரெண்டு நாள் படுத்தவங்க சீக்கிரமா வேலைக்குத் திரும்புனாங்க, மத்தபடி குணமாகுறதுல வித்தியாசம் இல்ல. வெறும் தரையில படுக்குறதும் அப்படித்தான், 2003ல ஸ்பெயின்ல 313 பேரை வச்சு ரொம்ப கெட்டியான மெத்தையையும் நடுத்தர மெத்தையையும் ஒப்பிட்டப்போ நடுத்தரம்தான் ஜெயிச்சுது. இடுப்பு பெல்ட்டும் கழுத்து காலரும் வலி அதிகமா இருக்குற நாலு நாளைக்கு ஓகே, வருஷம் பூரா மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா தசை வேலை செய்யுறதையே விட்டுடும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல்ல டைக்ளோபெனாக்ங்கிற வலி மாத்திரையை வாங்கி மாசக்கணக்குல போடுறவங்களுக்கு முதுகை விட கிட்னியும் வயிறும்தான் அடி வாங்கும், சுகர் பிரஷர் இருக்குறவங்க இன்னும் ஜாக்கிரதை.

சலூன்ல தலைக்கு மசாஜ் பண்ணிட்டு கழுத்தை ‘டக்’குனு திருப்பி விடுவாங்க பாருங்க, சொகமாத்தான் இருக்கும், ஆனா மூளைக்குப் போற ரத்தக்குழாய் கழுத்தெலும்பு ஓட்டை வழியாத்தான் போகுது, அது கிழிஞ்சு பக்கவாதம் வந்த ஆளுங்க இருக்காங்க. கழுத்துல தேய்மானம் இருக்குன்னு தெரிஞ்ச பிறகு அந்தச் சேர்ல உக்காந்தா ‘அண்ணே கழுத்து மட்டும் வேணாம்’னு முன்னாடியே சொல்லிடுங்க.

இதெல்லாத்தையும் விட மோசமான தப்பு, எல்லா வலியையும் இந்த ஒரு ரிப்போர்ட் மேல போட்டுட்டு சும்மா இருக்குறது. கொஞ்ச தூரம் நடந்தா ரெண்டு காலும் கனத்து மரத்துப் போகுது, குனிஞ்சாலோ உக்காந்தாலோ சரியாகுது, சைக்கிள் மட்டும் ஈஸியா ஓட்ட முடியுதுன்னா அது முதுகெலும்புக்குள்ள நரம்பு போற குழாய் சுருங்குனதா இருக்கலாம், காமிக்கணும். சட்டை பட்டன் போடத் தடுமாறுது, செருப்பு காலை விட்டுக் கழண்டதே தெரியலைன்னா கழுத்துல தண்டுவடம் அழுந்துதோன்னு பாக்கணும், இதுல பல பேருக்கு வலியே இருக்காது, அதான் வயசாயிடுச்சுன்னு விட்டுடுறாங்க. இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு காலைல எழுந்தா அரை மணி நேரத்துக்கு மேல முதுகு விறைச்சு, நடக்க நடக்க சரியாகி, ரெஸ்ட் எடுத்தா கூடுதுன்னா அது தேய்மானம் இல்ல, ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்ங்கிற முதுகெலும்பு அழற்சி நோயா இருக்கலாம், அதுக்கு மூட்டு வாத நோய் டாக்டர் (ருமட்டாலஜிஸ்ட்) வேற, மருந்தும் வேற. சாயங்காலமானா காய்ச்சல், எடை கொறையுது, ராத்திரி வலி தூங்க விடலைன்னா நம்ம ஊர்ல முதுகெலும்பு டிபியை மறக்கவே கூடாது, அது மாத்திரையில குணமாகுற நோய், லேட் பண்ணா கூன் விழுந்து காலும் போயிடும்.

ஒண்ணுக்குப் போக முடியல இல்ல தன்னால போயிடுது, உக்கார்ற எடம் மரத்துப் போச்சு, கால் ரெண்டும் சொன்ன பேச்சு கேக்கல, இதுல ஒண்ணு புதுசா வந்தாலும் நாளைக்குக் காலைல பிசியோதெரபி அப்பாயின்ட்மென்ட் இருக்கேன்னு காத்திருக்காதீங்க. அந்த நேரத்துல எம்ஆர்ஐயும் நியூரோ இல்ல ஸ்பைன் சர்ஜனும் இருக்குற பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும், அப்பவே கெளம்பணும்.