நாவலின் வரவு செலவைப் பார்த்துப் படிப்பது எப்படி

கணக்கெழுதுவது என் தொழில். அடுத்தவர் வரவு செலவைப் பார்த்துப் பார்த்துக் கண் அப்படியே பழகிவிட்டது. நாவல் படிக்கும்போதும் அது சும்மா இருப்பதில்லை. வர்க்க முரண் என்றதும் பலரும் ஊர்வலமும் கோஷமும் வரும் அத்தியாயத்தைத் தேடிப் போகிறார்கள். அதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, பணம் பேசப்படும் ஒவ்வொரு வரியிலும் கோடு போட்டுக்கொண்டே போங்கள். ஐம்பது பக்கத்துக்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு வருகிறது என்பதோடு நிறுத்தாமல், எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கூலியா, லாபமா, நிலத்து வாடகையா? ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியின் கடைசி அத்தியாயத்தில் மார்க்ஸ் இந்த மூன்றிலிருந்துதான் தொடங்குகிறார். வருமானம் வரும் வழியை மட்டும் வைத்துப் பிரித்தால் வைத்தியர்களும் அரசு அதிகாரிகளும்கூடத் தனித்தனி வர்க்கமாகிவிடுவார்களே என்று தானே ஒரு இடைஞ்சலையும் கிளப்புகிறார். கையெழுத்துப் படி அங்கேயே நின்றுவிடுகிறது. மிச்சத்தை நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) நல்ல பயிற்சி. பணக்கார நாயகன் டார்சிக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு, நாயகியின் அப்பா பென்னட்டுக்கு 2,000. இரண்டும் நிலத்து வருமானம். பென்னட்டின் நிலமோ, பத்திரத்தில் எழுதியபடி, அவருக்குப் பிறகு ஆண் வாரிசான காலின்ஸுக்குப் போய்விடும். அவருடைய ஐந்து பெண்களுக்கும் கல்யாணம் ஏன் அவ்வளவு அவசரம் என்பதற்கு அந்த ஒரு பத்திரமே பதில். டார்சியின் நண்பர் பிங்லியின் சகோதரிகள், வியாபாரம் செய்யும் தாய்மாமன் லண்டனில் இருக்கிறார் என்று அந்தப் பெண்களை ஏளனம் செய்கிறார்கள். தங்கள் குடும்பத்துச் சொத்தும் வியாபாரத்தில் வந்ததுதான் என்பது மட்டும் அவர்களுக்கு நினைவில் நிற்பதில்லை. இந்த மாதிரி இடத்தில் இரட்டைக் கோடு போடுங்கள். வர்க்கம் வேறு, அந்தஸ்து வேறு என்று சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் பிரித்துக் காட்டியது இங்கேதான் கைகொடுக்கும்.

அடுத்து, வாடகை. பால்சாக்கின் ‘பெர் கொரியோ’வில் (1835) விடுதி வர்ணனை இழுத்துக்கொண்டே போகும். தாண்டிவிடாதீர்கள். சேமியா வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்ற கொரியோ, விடுதியின் முதல் மாடிக்கு ஆண்டுக்கு 1,200 பிராங்க் கொடுத்துக் குடிவருகிறார். பிறகு 900 பிராங்க் கொடுத்து இரண்டாம் மாடி. அதன் பிறகு மூன்றாம் மாடி, மாதம் 45. ஆண்டுக்குப் போட்டால் 540. அந்தக் கட்டடத்தில் மேலே ஏற ஏறத் தாழ்வு. இரண்டாம் மாடிக்குப் போகும் அன்றைக்கு விடுதிக்காரி முன்பணம் கேட்கிறாள். அதுவரை ‘திரு’ போட்டு அழைக்கப்பட்டவர் அன்றுமுதல் அவள் வாயில் ‘கொரியோ கிழவன்’. அழைக்கும் விதம் மாறும் இடத்துக்குப் பக்கத்திலேயே பணம் மாறிய இடம் இருக்கும். எந்த நாவலிலும் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

சரி, மோதலுக்கு வருவோம். ஸோலாவின் ‘ஜெர்மினால்’ நாவலில் (1885) சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். எல்லோரும் பசியைத்தான் காரணமாகச் சொல்வார்கள். பசி எப்போதும் இருக்கிறது. அன்றைக்கு ஏன் வெடித்தது? அங்கே கணக்கு இருக்கிறது.

சுரங்கத்தில் கூலி வண்டிக் கணக்கு. ஒரு வண்டி நிலக்கரிக்கு 50 சென்டிம், அதாவது அரை பிராங்க். தலைக்கு மேலே கூரை சரியாமல் மரம் முட்டுக் கொடுப்பதற்குத் தனியாகக் காசு இல்லை. ஆகவே முட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். அவசர அவசரமாக இரண்டு மரத்தை நிறுத்திவிட்டு நிலக்கரியை வெட்டப் போகிறார்கள். பொறியாளர் வந்து பார்த்துவிட்டு மூன்று பிராங்க் அபராதம் போடுகிறார். பிறகு கம்பெனி ஒரு புதுத் திட்டம் கொண்டுவருகிறது: முட்டுக் கொடுப்பதற்குத் தனிக்கூலி தருகிறோம், வண்டிக்கு மட்டும் 50 இல்லை, 40. குறைந்த பத்தும் முட்டுக்கூலியில் திரும்ப வந்துவிடும் என்று அறிவிப்பில் ஒரு கணக்கு. உங்கள் உயிர்ப் பாதுகாப்புக்காகத்தான் என்று வேறு. தொழிலாளிகளுக்கு உடனே பிடிபட்டுவிடுகிறது: ஈடாகாது, இது கூலிவெட்டு.

அறிவிப்புகளை எழுதிப் பழகியவர்களுக்கு இந்த நடை அந்நியமில்லை. சலுகை முதல் வரியில் இருக்கும், வெட்டு மூன்றாவது வரியில். நாவலில் இப்படி ஓர் இடம் வந்தால் நிறுத்தி, தாளில் போட்டுப் பாருங்கள். கதாபாத்திரத்தின் கோபம் அதற்குப் பிறகுதான் நமக்கும் புரியும்.

அதே நாவலில் கிரெகுவார் குடும்பம் இருக்கிறது. ஒரு மூதாதை ஏறக்குறைய 10,000 பிராங்குக்கு வாங்கிய சுரங்கப் பங்கு, கதை நடக்கும்போது ஆண்டுக்கு 40,000 பிராங்க் தருகிறது. நல்லவர்கள், சாதுவானவர்கள், யாரையும் திட்டுவதில்லை. சுரங்கத் தொழிலாளியின் மனைவி இரண்டு குழந்தைகளோடு வந்து ஐந்து பிராங்க் கேட்கிறாள். துணிமணி தருகிறார்கள், குழந்தைகளுக்கு ரொட்டி வெட்டிக் கொடுக்கிறார்கள். காசு மட்டும் இல்லை; காசாகத் தர்மம் செய்வதில்லை என்பது அவர்கள் கொள்கை. இந்தக் காட்சியில் கெட்டவன் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கெட்டவனைத் தேடிக்கொண்டு படித்தால் இதை ‘இரக்கமுள்ள குடும்பம்’ என்று குறித்துவிட்டுத் தாண்டிப் போயிருப்போம்.

மேலே இருப்பவர்களையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். தொழிலாளர் தூதுக்குழுவிடம் மேலாளர் ஹென்போ, தானும் சம்பளக்காரன்தான் என்கிறார். தந்திரமும் உண்டு, உண்மையும் உண்டு. சிறு முதலாளி தெனுலேன் வேலைநிறுத்தத்தில் நொடித்து, தன் சுரங்கத்தைப் பெரிய கம்பெனிக்கு விற்று, அதே கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்கிறார். வேலைநிறுத்தத்தில் லாபம் பார்த்தவர் யார் என்று கணக்குப் போட்டால் விடை அந்தப் பெரிய கம்பெனிதான்.

இன்னொரு வேலை, கொஞ்சம் சிரமமானது: கணக்கில் வராதவர்களைத் தேடுவது. ஆஸ்டின் நாவலில் நடன விருந்துக்கு முன்னால் நாள்கணக்கில் மழை. பெண்கள் வெளியே போக முடியவில்லை. காலணியில் வைக்கும் அலங்கார ரோஜாவைக்கூட வேறு ஆள் மூலம்தான் வாங்கினார்கள் என்று ஒரே வரி. அந்த ஆள் யார்? பெயர் இல்லை. நனைந்துகொண்டு போனவர் ஒருவர் இருந்திருக்கத்தானே வேண்டும்! இப்படி ‘செய்யப்பட்டது’, ‘கொண்டுவரப்பட்டது’ என்று வரும் வாக்கியங்களைச் சுழித்துவையுங்கள். செய்தவர் பெயர் எந்தப் பக்கத்திலாவது வருகிறதா என்று பாருங்கள். எனக்கு அதிகம் கிடைப்பது இந்தச் சுழிப்புகளில்தான்.

ஆசிரியர் எந்தக் கட்சி என்பதைக் கடைசியில் தெரிந்துகொண்டால் போதும். முன்னுரையையும் கடைசியில் படிக்கலாம். பால்சாக் மன்னராட்சி ஆதரவாளர். ஆனால் 1888 ஏப்ரலில் மார்கரெட் ஹார்க்னஸ் என்ற நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்தில் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ், அந்தக் காலத்து வரலாற்றாசிரியர்கள், பொருளியலாளர்கள், புள்ளிவிவரக்காரர்கள் எல்லோரிடமும் கற்றதைவிட பால்சாக்கிடம் அதிகம் கற்றேன் என்கிறார். ஆசிரியரின் கருத்து எவ்வளவுக்கு மறைந்திருக்கிறதோ அவ்வளவுக்குப் படைப்புக்கு நல்லது என்றும் சொல்கிறார். அதே கடிதத்தில் ஹார்க்னஸின் நாவலைப் பற்றி ஒரு குறையும் உண்டு: தொழிலாளர்கள் அதில் தங்களுக்கே உதவிக்கொள்ள முடியாமல் வெறுமனே துன்பப்படுகிறார்கள், யாரோ மேலிருந்து வந்து தூக்கிவிட வேண்டியிருக்கிறது.

அதையே கடைசிச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடுவதற்கு முன், உழைப்பவர்கள் தாங்களாக முடிவெடுத்துச் செய்த காரியங்களை மட்டும் பின் அட்டையின் உள்பக்கத்தில் எழுதுங்கள். வேலைநிறுத்தம் மட்டும் இல்லை; கடன் சொல்லி வாங்கியது, பொய் சொல்லித் தப்பியது, வேலையை விட்டது எல்லாம் சேர்த்தி. இரவல் புத்தகமாக இருந்தால் மட்டும் தனித் தாளில்.